நாயை அளந்து வைத்த கதவு

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் ‘கண்ணளவு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எது சொன்னாலும் செய்து கொடுப்பார். முப்பத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. இத்தனை வருடத்தில் அவர் சொந்தமாக ஒரு டேப் வாங்கி நான் பார்த்ததில்லை. ஜன்னலைத் துடைப்பக் கட்டையால் அளப்பார். கேட்டைத் தன் தோளால் அளப்பார். கேட்டால் ஒரு தத்துவம் வேறு சொல்லுவார்: “யாரு அதுல போகப்போறாங்களோ, அவங்கதான் அளவு. டேப்பா உள்ள போகப்போகுது?”

பேக்கரிக்காரருடைய பின்வாசல் கேட்டை அப்படித்தான், பேக்கரிக்காரரையே நிற்கவைத்து அளந்து செய்தார். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஒல்லிக்குச்சியாக இருந்தார். இப்போது பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, ரொட்டித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போகிறார். ஒருநாள் புகார் சொல்ல வந்தார். “கேட்டு அப்படியேதான் இருக்கு, நீ எதுக்கு மாறினே?” என்று என் வீட்டுக்காரர் அவரையே திருப்பிக் கேட்டார். பாவம், அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

நான் தையல்காரி. பட்டறைக்கு முன்னால் இருக்கும் அறையில்தான் என் மெஷின். அரை இஞ்ச் தப்பினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள். தூங்கும்போது மட்டும்தான் கழுத்திலிருந்து டேப்பை எடுப்பேன். எனக்கும் அவருக்கும் முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் இப்போது கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், வெல்டிங் ராடைக் கையில் பிடித்தபடியே பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “தினமும் ஒரு மணி நேரம் நடக்கணும். சமதரையில, நிதானமா. மேட்டுல வேகமா ஏறக்கூடாது. நடக்கலேன்னா அடுத்த தடவை இங்க கொண்டுவர நேரம் இருக்காது.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் நடக்கப் போனார். ஆறு மணிக்குக் கிளம்புவார், ஏழு மணிக்கு வருவார். நானும் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் போட்டுப் பார்த்தால் எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. மீசையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பன் துகள். மனிதர் தினமும் எழுபது அடி நடந்து பேக்கரிக்குப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, எழுபது அடி நடந்து திரும்பி வந்திருக்கிறார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மெஷின் ஊசி இரண்டு உடைந்தது.

அப்புறம்தான் நாய் யோசனை வந்தது. நாய் இருந்தால் அது இழுக்கும், இவர் போய்த்தானே ஆகவேண்டும்? என்னிடம் துணி தைக்க வரும் டீச்சர் வீட்டில் குட்டி போட்டிருந்தது. ஒன்றைக் கேட்டேன். அவர் ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துவிட்டுப் போனார். முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது, நல்ல லட்சணமான முகம். துண்டைப் பிரித்தபோதுதான் பார்த்தேன், கால் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. நாலு விரல் உயரம். உடம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது, கால் அங்கேயே நின்றுவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் ‘பெஞ்சு’ என்று சொல்லி, பெயரே பெஞ்சு ஆகிவிட்டது.

இந்த நாயா இவரை இழுக்கப்போகிறது என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் பாருங்கள், நடந்தது வேறு. பெஞ்சுக்கு ஆற்றோரப் பாதை என்றால் உயிர். எங்கள் ஊர் பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. எங்கள் வீடும் பட்டறையும் சரிவின் உச்சியில். கீழே இறங்கிப் பாலத்துக்குப் போனால், அங்கிருந்து ஆற்றை ஒட்டி மூன்று கிலோமீட்டருக்கு மேய்ச்சல் நிலம், நடுவில் மனிதர் நடக்கும் ஒற்றையடிப் பாதை. ஊரிலேயே சமதரை அதுதான். வேறு எங்கே நடப்பது? மேலே போனால் மலை, கீழே போனால் லாரி ரோடு. பெஞ்சு காலையில் ஆறு மணிக்குக் கதவைப் பிராண்டும். அவர் திட்டிக்கொண்டே செருப்பை மாட்டுவார். ஆற்றோரம் போய்விட்டுத் திரும்பும்போது ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருதரம் பெஞ்சு உட்கார்ந்துவிடும். அதனால் அவரும் நின்று நின்றுதான் ஏறுவார். டாக்டரம்மா சொன்னதை அப்படியே அந்த நாய் செய்தது.

ஆனால் ஒன்று. நாய்க்காகத்தான் நடந்தார். ஒருநாள் பெஞ்சுக்குக் காலில் முள் குத்திவிட்டது. நாலு நாள் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “நாய் இல்லாம நான் மட்டும் போய் ஆத்துல என்ன பண்றது? மீனோட பேசவா?” என்றார். அந்தப் பாதையும் அந்த நாயும் இருக்கும்வரைதான் இவர் இருப்பார் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

அந்தப் பாதைக்குத்தான் வினை வந்தது.

மேய்ச்சல் நிலம் பண்ணைக்காரருடையது. பதினாலு மாடு வைத்திருக்கிறார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய வேலிகள் பாதைக்குக் குறுக்கே ஆறு இடத்தில் வரும். ஒவ்வொன்றிலும் மனிதர்கள் ஏறித் தாண்ட மரப்படி இருக்கிறது, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பக்கத்திலேயே டிராக்டர் போக ஒரு பெரிய இரும்புக் கேட். நாய்களால் மரப்படி ஏறமுடியாது. பெஞ்சை இவர் அலேக்காகத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். மற்றவர்கள் பெரிய கேட்டைத் திறந்து நாயை விட்டார்கள். சில பேர் மூடவில்லை என்று பேச்சு. மாடுகள் வெளியே போய் எதிர்த் தோட்டத்து முட்டைக்கோஸைத் தின்றன. மூன்றாம் தடவையாக அது நடந்த அன்று பண்ணைக்காரர் பாலத்தில் ஒரு பலகை அடித்தார்: நாயோடு வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை.

எங்கள் ஊர் அலுவலகச் செயலர் அம்மா நல்ல சாமர்த்தியசாலி. அவருடைய மாமியாருடைய முட்டைக்கோஸ்தான் போனது, ஆனாலும் மூன்று நாள் பண்ணைக்காரர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு ஏற்பாடு பேசிக்கொண்டு வந்தார். மரப்படிக்குப் பக்கத்தில் வேலியில் நாய்க்கென்று சின்னக் கதவு வைப்பது. தகட்டை மேலே தூக்கினால் நாய் அடியில் நுழைந்து போகும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். மாடு நுழையமுடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் நாயோடு பாதை முழுக்க நடந்து காட்டவேண்டும். பெரிய கேட் ஒருதரம்கூடத் திறக்கக்கூடாது. திறந்தால் அன்றோடு பாதை மூடப்படும், நாய்க்காரர்கள் வாயே திறக்கக்கூடாது.

கதவு செய்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்கவேண்டுமே! பட்டறையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் நான் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அவரை மட்டும் பார்த்துச் சிரிப்பீர்கள்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். நாற்பது சீருடை தைக்கக் கிடந்தது. மனிதர் வாழ்க்கையில் முதல்தடவையாக என் எதிரே வந்து நின்று, “உன் டேப்பைக் கொஞ்சம் குடேன்” என்றார். முதல்தடவையாக! நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “முப்பது வருஷமா இல்லாத டேப்பு இன்னைக்கு எதுக்கு? நாய்க் கதவுதானே? போய் உங்க நாயை அளங்க!” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் போய் நாயை அளந்தார். எங்கள் நாயை.

ஆறு கதவும் அழகாக வந்தன. பச்சைப் பெயின்ட் அடித்து, தகட்டைத் தூக்க வளைந்த கைப்பிடி வைத்து, ஓரங்களைத் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தார். போல்ட் போடலாமே என்று யாரோ சொன்னதற்கு, “போல்ட்டு களவு போகும். வெல்டு பண்ணது யுகத்துக்கும் நிக்கும்” என்று சட்டத்தை வேலிக் கம்பத்தோடு சேர்த்தே பற்றவைத்துவிட்டார். பட்டறையிலும் வேலியிலும் பெஞ்சை விட்டுச் சோதித்தார். ஆறிலும் பெஞ்சு ராணியம்மா தோரணையில் நுழைந்து போனது. வேறு ஒரு நாயை விட்டுப் பார்க்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, வேடிக்கை பார்க்க வந்த நாலு பேருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாலத்தடியில் முதல் வேலிக்கு முன்னால் இருபது பேர், இருபத்தொரு நாய். குரைப்பில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, உம்மென்று உட்கார்ந்திருந்தார். செயலர் அம்மா கையில் நோட்டோடு நின்றார்.

முதலில் பெஞ்சு. என் வீட்டுக்காரர் தகட்டைத் தூக்கினார், அது நுழைந்து போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, கல்யாணத்தன்றைக்குக்கூட நான் பார்க்காத சிரிப்பு. அடுத்து பேக்கரிக்காரருடைய நாய். அதன் பெயர் குட்டி. எந்த நல்ல நேரத்தில் அந்தப் பெயரை வைத்தார்களோ, அது கன்றுக்குட்டி அளவு இருக்கும். அந்தப் பக்கம் பெஞ்சைப் பார்த்த சந்தோஷத்தில் குட்டி ஓடிவந்து கதவுக்குள் பாய்ந்தது. தலை போயிற்று. கழுத்து போயிற்று. முன்னங்கால் இரண்டும் போயிற்று. அதோடு சரி.

“குட்டி, வாடா, பின்னால வா” என்று பேக்கரிக்காரர் வாலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முன்னால் தள்ளினார். போகவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கழுத்திலிருந்த டேப்பை உருவி அளந்தேன். கதவு பத்தரை இஞ்ச் அகலம். குட்டி பதினேழு.

“பதினேழா?” என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் ஈ ஆடவில்லை.

“நாய்னா எல்லாம் ஒரே சைஸா? என்னங்க இது!”

“நீதானே உங்க நாயை அளங்கன்னே?”

இருபது பேர் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டார். நான் டேப்பைச் சுருட்டி மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

குட்டிக்கு ஒரு கவலையும் இல்லை. பின்பாதி பாதையில், முன்பாதி மேய்ச்சல் நிலத்தில். எட்டியவரைக்கும் புல்லைத் தின்றுகொண்டிருந்தது. மாடுகள் ஒவ்வொன்றாக வந்து சுற்றி நின்றன. ஒரு சிவப்பு மாடு அதன் முகத்தை நாக்கால் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. குட்டி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக வாங்கிக்கொண்டது. “சோப்பு போட்டு வழுக்கிவிடலாம்” என்றார் சலூன்காரர். போட்டார். நுரை வந்தது, நாய் வரவில்லை. “ரெண்டு பக்கமும் முடியை ஒட்ட வெட்டிட்டா?” என்று சட்டைப் பையிலிருந்து கத்திரிக்கோலை வேறு எடுத்தார். “முடி இல்லைய்யா அது, சதை! என் கடை பன்னு!” என்று பேக்கரிக்காரர் அழுகிற குரலில் கத்தினார்.

நாயின் முகத்தருகே போகவேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. மரப்படி அவர் கனத்துக்கு முனகியது, பயந்து இறங்கிவிட்டார். கை தானாகப் பெரிய கேட்டின் தாழ்ப்பாளுக்குப் போனது.

“தொடாதே!” என்று பத்தொன்பது பேர் ஒரே குரலில் கத்தினோம்.

அவர் சுட்டுக்கொண்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். பண்ணைக்காரர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“சட்டத்தை அறுக்கணும். ஹேக்சா பட்டறையில இருக்கு” என்றார் என் வீட்டுக்காரர்.

பட்டறை மேலே, ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். “சாவியைக் குடுங்க, வேற யாராவது போகட்டும்” என்றேன். “எங்க வச்சேன்னு எனக்கே சொல்லத் தெரியாது. கை போனாத்தான் தெரியும்” என்றார். அது சத்தியமான பேச்சு. அந்தப் பட்டறைக்குள் போனவன் மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வருவான். யாருடைய ஸ்கூட்டர் பக்கத்தில் இருக்கிறது, எதில் பெட்ரோல் இருக்கிறது, சாவி யார் வீட்டில் என்று இவர்கள் ஒரு விசாரணைக் கமிஷனே நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பாலத்தைத் தாண்டிவிட்டார். ஓடுகிறார். மேட்டில்.

பெஞ்சு அவர் பின்னால் போகவேண்டும் என்று கதவின் அந்தப் பக்கம் நின்று ஊரைக் கூட்டியது. கதவில்தான் குட்டி அடைத்துக்கொண்டிருக்கிறதே! வேலிக்கு மேலே கையைவிட்டுப் பெஞ்சைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஓடினேன். பார்க்கத்தான் அது குட்டை. கனம் பதினாலு கிலோ.

“ஏங்க, நில்லுங்க! நடந்து போங்க! உங்க நெஞ்சுல இரும்பு வச்சிருக்காங்க, ஞாபகம் இருக்கா?” என்று கத்திக்கொண்டே போனேன். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டாவது வளைவில் அவர் முதுகு மறைந்தது. அந்த வளைவிலிருந்து பட்டறை வாசல்வரைக்கும் நான் என்னென்ன நினைத்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். ஒரு டேப்பைக் கொடுத்திருக்கக்கூடாதா என்று மட்டும் நூறுதரம் நினைத்தேன்.

பட்டறைக்குள் பார்த்தால், மனிதர் ஒரு டிரம்முக்குள் தலைகீழாகக் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். பெஞ்சைக் கீழே போட்டேன். அவரைச் சட்டையைப் பிடித்து நிமிர்த்தி, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். தடதடவென்று அடித்தது. ஆனால் ஒழுங்காக அடித்தது.

“வலிக்குதா?”

“இல்லை.”

“பொய் சொல்லாதீங்க.”

“இல்லைங்கிறேன். மூச்சுதான் வாங்குது. உனக்கும்தான் வாங்குது. ஹேக்சா கிடைச்சாச்சு, விடு.”

“நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன், அதை யோசிச்சீங்களா?” என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் ஹேக்சாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். “பாதை போயிட்டா நான் என்ன பண்ணுவேன், அதான் யோசிச்சேன்” என்றார்.

அதற்குள் வெளியே ஸ்கூட்டர் சத்தம். சலூன்காரர் ஒருவழியாகப் பெட்ரோல் கண்டுபிடித்து வந்துவிட்டார். முன்னால் சலூன்காரர், நடுவில் ஹேக்சாவோடு என் வீட்டுக்காரர், பின்னால் நான், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பிதுங்கிக்கொண்டு பெஞ்சு. நாலு பேரும் இறக்கத்தில் வந்த வேகத்துக்கு ஒரே ஒரு பிரேக்தான் வேலை செய்தது என்று சலூன்காரர் கீழே வந்த பிறகு சொன்னார்.

வேலியருகே எல்லாம் அப்படியே இருந்தது. தூறல் போட்டிருந்தது. ஒருவர் குட்டியின் பின்பாதிக்குக் குடை பிடித்திருந்தார். முன்பாதிக்குப் பண்ணைக்காரர் தன் துண்டைப் போர்த்தியிருந்தார், ஆனால் முகத்தை மட்டும் உம்மென்றே வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் மண்டியிட்டு இந்தப் பக்கத்துச் சட்டத்தை அறுத்தார். யுகத்துக்கும் நிற்கிற வெல்டாம். அரை மணி நேரம் அறுத்தார். மறுபக்கத்துச் சட்டத்தை மேய்ச்சல் நிலத்திலிருந்துதான் அறுக்கமுடியும். எழுந்து மரப்படியில் கால் வைத்தார். கால் நடுங்கியது. எல்லோரும் பார்த்தோம்.

“கேட்டைத் திறந்து வாய்யா” என்றார் பண்ணைக்காரர்.

ஒருவரும் அசையவில்லை.

“மாட்டேண்ணே. கேட்டு திறந்தா பாதை போயிடும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“நானே சொல்றேன்ல, திறந்து வா!”

“ஐயா, அதை எழுத்துல குடுத்துட்டீங்கன்னா…” என்று செயலர் அம்மா நோட்டை நீட்டினார்.

“எழுத்துலயா? என் கேட்டு! என் நிலம்! ஒரு ஆளு கால் நடுங்க நிக்கிறான், எழுத்துல குடுக்கணுமா?” பண்ணைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று வந்து, தாழ்ப்பாளைத் தட்டி, கேட்டை ஆங்காரமாக அகலத் திறந்தார். “இந்தா திறந்துட்டேன்! இப்ப வா!”

என் வீட்டுக்காரர் போனார். அறுத்தார். பண்ணைக்காரரே குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் சட்டம் படக்கென்று விழுந்தது. குட்டி பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, உடம்பை ஒரு உதறு உதறி, சோப்பு நுரையை எல்லோர் மேலும் தெளித்தது. நாங்கள் கத்தினோம், கை தட்டினோம், பேக்கரிக்காரர் நாயைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அப்புறம்தான் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். கேட் திறந்தே கிடந்தது. மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாடு இல்லை. பதினாலும் பாலத்தைத் தாண்டி, செயலர் அம்மாவின் மாமியார் தோட்டத்தில் முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருந்தன.

பண்ணைக்காரர் பேயறைந்தவர்போல் நின்றார்.

இருபது நாய்களும் மாட்டை மடக்க ஒன்றுக்கும் உதவவில்லை. குரைத்தன, மாடு திரும்பிப் பார்த்ததும் எஜமானர்களின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. பெஞ்சு மட்டும் குரைக்கவில்லை. அதற்கு முட்டைக்கோஸ் பிடித்திருந்தது, போய்ப் பக்கத்தில் நின்று ஒரு இலையைத் தின்றது. மாடுகள் தலையை நிமிர்த்தின. தரையோடு தரையாக ஊரும் இது என்ன ஜென்மம் என்று மூக்கை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. பெஞ்சின் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடந்தார். பெஞ்சின் பின்னால் சிவப்பு மாடு, அதன் பின்னால் மற்றவை. பாலத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பதினாலும் மேய்ச்சல் நிலத்துக்குள் வந்து சேர்ந்தன. செயலர் அம்மா கேட்டை மூடித் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

“கேட்டு திறந்தா பாதை மூடணும்னு பேச்சு” என்றார் பண்ணைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. “மூடுங்க, நல்லா மூடுங்க! இந்த மனுஷன் நடக்கலேன்னா செத்துப்போயிடுவாருன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இவர் நடக்க ஊருல இந்த ஒரு இடம்தான் இருக்கு. இவர் போயிட்டா உங்க மாடு வந்து எனக்குத் துணைக்கு உட்காருமா?” என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

பண்ணைக்காரர் துண்டை எடுத்துப் பிழிந்தார். மறுபடி பிழிந்தார். “ஒன்றரை மணி நேரமா பாத்துக்கிட்டு இருக்கேன். இருபது பேரு மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னீங்க. பக்கத்துலயே கேட்டு. ஒருத்தர் தொடலை” என்றார். அப்புறம் குரலை இறக்கி, “போன மாசம் மாடு வெளிய போச்சே, அதுவும் நான்தான். டிராக்டரை விட்டுட்டு மூட மறந்துட்டேன்” என்றார்.

“அப்ப அதுக்கு முந்தி?” என்றார் செயலர் அம்மா.

“அதுவும்தான்.”

“முதல் தடவை?”

“அது மட்டும் யாருன்னு தெரியலை” என்றவர், கொஞ்சம் யோசித்து, “நானாத்தான் இருக்கும்” என்றார்.

செயலர் அம்மா நோட்டைப் பார்த்தார், மாமியார் தோட்டத்தைப் பார்த்தார். அவருக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு என்னமோ எழுதினார். பண்ணைக்காரர் பாலத்துக்குப் போய்த் தன் கையாலேயே பலகையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “கதவை மட்டும் பெருசாப் பண்ணுய்யா. மாடு போற அளவுக்குப் பண்ணிடாதே” என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று இரவு முழுக்க நான் முழித்துக்கொண்டு அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குறட்டைதான் கேட்டது.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்தார். பெஞ்சு எழுந்திருக்கவில்லை. பதினாலு மாட்டை மேய்த்த அலுப்பு, மல்லாந்து படுத்து அந்த இல்லாத கால் நாலையும் மேலே நீட்டியிருந்தது. “பெஞ்சு, வா” என்றார். அது ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. இன்னொருதரம் கூப்பிட்டார். வாலைக்கூட ஆட்டவில்லை.

சரி, இன்றைக்கு நாற்காலிதான் என்று நினைத்தபடி நான் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

“ஏங்க, நாய் வரலையே?” என்றேன்.

“அது தூங்கட்டும். டாக்டரம்மா நடக்கச் சொன்னது என்னைத்தானே, அதையா சொன்னாங்க?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தலை மறையும்வரை வாசலில் நின்றேன். அப்புறம் உள்ளே வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சத்தம் பொறுக்காமல் அது எழுந்து போய் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டது.